ஒரு விபத்து, நான்கு மருத்துவ பில்கள்: கார் இன்சூரன்ஸ் யாருக்குக் கொடுத்தது?

கார் வைத்திருக்கும் பலர் மனத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது: வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டியாயிற்று, நாளைக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிச் செலவை கம்பெனி பார்த்துக்கொள்ளும். இந்தக் கணக்கு யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்பதை ஒரே விபத்தில் அடிபட்ட நான்கு பேரை வைத்து இங்கே ஆராய்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு நேர்ந்தது அல்ல. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு அடிக்கடி வரும் வழக்குகளின் போக்கில், ஆய்வுக்காகக் கோத்துக்கொண்ட நிகழ்வு. ரூபாய்த் தொகைகள் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை. சட்டப் பிரிவுகள், தீர்ப்புகள், அரசுத் திட்டங்கள் ஆகியவை உண்மையானவை.

நடந்தது

மதுரைக் குடும்பம். ஒரு திருமணத்துக்காகச் சென்னைக்கு இரவில் காரில் கிளம்புகிறார்கள். காரின் உரிமையாளரே ஓட்டுகிறார், பக்கத்தில் மனைவி, பின் இருக்கையில் உரிமையாளரின் தாயார். உளுந்தூர்பேட்டையைத் தாண்டி விழுப்புரத்தை நெருங்கும்போது அதிகாலை நாலரை மணி. டயர் வெடித்த லாரி ஒன்று இடது தடத்தில் பாதி, ஓரத்தில் பாதியாக நிற்கிறது. பின் விளக்கு எரியவில்லை, முக்கோணப் பலகையும் வைக்கவில்லை. கிளீனர் பின்பக்கம் குனிந்து சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருக்கிறார். கார் லாரியின் வலது பின் மூலையில் இடிக்கிறது.

உரிமையாளருக்கு மணிக்கட்டு முறிவு, முகத்தில் தையல். மனைவிக்குக் காறை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன. தாயாருக்குத் தொடை எலும்பு முறிவு. கிளீனருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் போயின. 108 ஆம்புலன்ஸ் நால்வரையும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறது.

கார் எட்டு வருடம் பழையது. பாலிசி ‘தேர்ட் பார்ட்டி’ மட்டும். 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிரீமியம் 3,416 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார். ‘ஃபுல் கவர்’ என்று எல்லோரும் சொல்லும் பேக்கேஜ் பாலிசியை மூன்று வருடம் முன்பு நிறுத்திவிட்டார். வண்டியே இரண்டு லட்சம்தான் பெறும், அதற்கு எதற்கு இவ்வளவு பிரீமியம் என்பது அவருடைய நியாயம். வண்டியின் விலையை வைத்துப் பார்த்தால் சரியான நியாயம்தான். வண்டிக்குள் உட்காருகிறவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

முதல் 48 மணி நேரம்

விபத்து நடந்த அன்று எந்த மோட்டார் இன்சூரன்ஸ் கம்பெனியும் மருத்துவமனை கவுண்டருக்கு வந்து பணம் கட்டாது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் யார் தவறு என்று பாராமல் சொந்தக் கார் பாலிசியே மருத்துவச் செலவைக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. நம்முடைய பாலிசி அடிப்படையில் பொறுப்புக் காப்பீடு. அடுத்தவருக்கு நான் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டை எனக்காக கம்பெனி கொடுக்கும், அவ்வளவுதான். அப்படி ஒரு நஷ்ட ஈடு உண்டா, எவ்வளவு, யார் பங்கு எத்தனை என்று முடிவாக மாதங்களும் வருடங்களும் ஆகும். அதுவரை பில்லைச் சுமக்கிறவர் அடிபட்டவரோ அவருடைய வீட்டாரோதான்.

இந்த இடைவெளியைத் தமிழ்நாட்டில் ஓரளவு அடைப்பது ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டம் இது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்தில் வரையறுக்கப்பட்ட சிகிச்சைகள் இலவசம். தொடங்கியபோது உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்றெல்லாம் கேட்பதில்லை. தனியார் மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. நம் நிகழ்வில் நால்வருக்கும் முதல் இரண்டு நாள் செலவு பெரும்பாலும் இதிலேயே அடங்கியது.

அகில இந்திய அளவில் இது வரத் தாமதமானது. 2019 திருத்தத்திலேயே மோட்டார் வாகனச் சட்டத்தின் 162-ஆம் பிரிவு, விபத்துக்குப் பிறகான முதல் ஒரு மணி நேரமான பொன்னான நேரத்தில் பணம் கேட்காமல் சிகிச்சை கொடுக்கத் திட்டம் வகுக்கச் சொன்னது. திட்டம் வரவில்லை. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2025 ஜனவரி 8 அன்று, உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குக் கெடு விதித்தது. அந்த மே 5-இல் அறிவிக்கை வந்தது. ஒரு விபத்தில் ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, நியமிக்கப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை. விபத்துக்குக் காரணமான வாகனத்துக்கு இன்சூரன்ஸ் இருந்தால், பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் செலுத்தும் பங்கிலிருந்து அந்தப் பணம் வரும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி, இடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் அரசுப் பணம். நாம் கட்டும் மோட்டார் பிரீமியத்திலிருந்து ஒரு சிறு துளி தீர்ப்புக்குக் காத்திராமல் நேராக மருத்துவமனைக்குப் போவது இந்தத் திட்டத்தில்தான். ஒரு டாக்டர் பதின்மூன்று வருடம் வழக்கை விடாமல் நடத்தியதால் கிடைத்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டியும் இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடமும் 2018 செப்டம்பரில் கட்டாயமானதும் இதே வழக்கில்தான்.

ஏ.ஆர். காப்பி

மூன்றாம் நாள் குடும்பம் மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாறுகிறது. தாயாருக்குப் பிளேட் வைக்க வேண்டும். கவுண்டரில் முன்பணம் கேட்கிறார்கள். மனைவியின் தம்பி கேட்கிறான்: “காருக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல மாமா, அதுல பண்ண முடியாதா?” கவுண்டரில் இருந்தவர் சொன்னது சரியான பதில்: “அது கோர்ட்ல வாங்கிக்கறது சார். இப்ப மெடிக்ளைம் இருந்தா கொடுங்க, இல்லைன்னா கட்டிட்டு பில்லை பத்திரமா வைங்க.”

பில்லை விட முக்கியமான காகிதம் ஒன்று உண்டு. முதலில் சேர்த்த மருத்துவமனையில் பணி மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேடு, எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வது. அடிபட்டவர் எப்படி அடிபட்டார், யார் கூட்டி வந்தார், எத்தனை மணிக்கு, என்னென்ன காயம், மது வாடை உண்டா என்ற நாலைந்து வரிகள்தான். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி வழக்கறிஞர் கட்டைப் பிரித்ததும் முதலில் தேடுவது இந்த நாலைந்து வரிகளைத்தான். பதற்றத்தில் கூட வந்தவர் ‘கீழே விழுந்துட்டாங்க’ என்று சொல்லி, மருத்துவர் அப்படியே எழுதிவிட்டால், வாகனம் சம்பந்தப்பட்டதே இல்லை என்று வாதம் வரும். நம் நிகழ்வில் ‘ஓரத்தில் நின்ற லாரியின் பின்னால் கார் மோதியதாக’ என்று எழுதியிருந்தது. மது வாடை இல்லை என்றும் இருந்தது. இரண்டாவது குறிப்பு உரிமையாளருக்குப் பின்னால் பெரிய துணை.

போலீஸ் எஃப்.ஐ.ஆர். கார் ஓட்டியவர் மீது பதிவாகிறது, பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 281, 125 பிரிவுகளில். நிற்கும் வண்டி மீது ஓடும் வண்டி மோதினால் ஓடிய வண்டிக்காரர் பெயர்தான் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆரில் ஏறுகிறது. குடும்பம் இடிந்துபோனது. எஃப்.ஐ.ஆர். நம் மீது என்றால் லாரி இன்சூரன்ஸில் ஒரு பைசா வராது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது தவறான தகவல். எஃப்.ஐ.ஆர். முடிவான சான்று அல்ல. குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதை வைத்தே தீர்ப்பாயம் முடிவு செய்யும். சாலையில் அடுத்தவருக்கு ஆபத்து உண்டாக்கும்படி வண்டியை நிறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவே சொல்கிறது. ஸ்தல வரைபடத்தில் லாரியின் பாதி உடல் தடத்துக்குள் இருந்ததும், மைத்துனன் அன்று காலை எடுத்த போட்டோவில் பின்பக்கம் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் இல்லாமல் சேறு அப்பியிருந்ததும் கைகொடுத்தன. இந்த வழக்கில் தீர்ப்பாயம் லாரிக்கு 70, காருக்கு 30 என்று தவறைப் பிரித்தது என்று வைத்துக்கொள்வோம். இனி நால்வரின் பில்லும் நான்கு திசையில் போகின்றன.

ஓட்டிய உரிமையாளர்

அவருடைய மருத்துவச் செலவு 1,20,000 ரூபாய். சொந்த பாலிசியில் அவர் மூன்றாம் நபர் அல்ல. பாலிசியை எடுத்த ஆளே அவர்தான். ஆகவே தேர்ட் பார்ட்டி பகுதியிலிருந்து அவருக்கு ஒன்றும் கிடையாது.

அப்படியானால் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். முன்பு காருக்கு 2 லட்சமாகவும் இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சமாகவும் இருந்த தொகையை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 15 லட்சமாக்கியது. பெரிய தொகை, நல்ல மாற்றம். ஆனால் அது எதற்குக் கொடுக்கும்? உயிர் போனால் முழுத் தொகை. இரண்டு கை, கால் அல்லது இரண்டு கண் போனால் முழுத் தொகை. ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் போனால் பாதி. நிரந்தரமாக முழு ஊனம் என்றால் முழுத் தொகை. மணிக்கட்டு முறிந்து, கம்பி வைத்து, மூன்று மாதம் கட்டோடு இருந்தவர் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. ஆஸ்பத்திரி பில் அதன் வேலையே அல்ல. மருத்துவச் செலவுக்கென்று சில கம்பெனிகள் தனி ஆட்-ஆன் விற்கின்றன. அந்த வரி பாலிசி ஷெட்யூலில் அச்சாகியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அவருக்கு மிச்சமிருக்கும் வழி லாரியின் இன்சூரன்ஸ். அதில் அவருடைய 30 சதவீதத் தவறைக் கழிப்பார்கள். 1,20,000-இல் 84,000 வரும். 36,000 அவருடைய கையிலிருந்து போனது போனதுதான். வலி, வேதனை, வருமான இழப்பு என்று மற்ற தலைப்புகளில் கிடைப்பதிலும் இதே கழிப்பு உண்டு.

மனைவியும் தாயாரும்

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இதுதான். தமிழ்நாட்டில் குடும்பத்தோடு கார் ஓட்டும் ஒவ்வொருவரையும் இது தொடுகிறது.

காரில் சும்மா உட்கார்ந்து வந்தவர் தேர்ட் பார்ட்டியா? பேச்சு வழக்கில் ‘ஆம், அவர் ஓட்டவில்லையே’ என்று தோன்றும். சட்டம் வேறு மாதிரி போகிறது. சட்டம் கட்டாயமாக்கிய பொறுப்பை மட்டும் ஏற்கும் ‘ஆக்ட் பாலிசி’, அதாவது இந்தக் காருக்கு இருந்ததைப் போன்ற வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி, தனியார் காரில் வருபவர்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பர் 16 சுற்றறிக்கையில் இதைத் தெளிவாக்கியது, 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பைக்கில் பின்னால் உட்காருகிறவருக்கும் இதே விதிதான்.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படியொரு வழக்கைக் கேட்டபோதுதான், புது வண்டிகளுக்கு ஐந்து வருடம் ‘பம்பர் டு பம்பர்’ என்ற முழுக் காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துச் சொல்லப்பட்டதும் செப்டம்பரில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அன்று பத்திரிகைகளில் விவாதம் முழுக்க காரின் பெயின்ட், பம்பர், விலை ஏற்றம் பற்றியே ஓடியது. காருக்குள் இருந்தவருக்குப் பாலிசியில் இடமில்லை என்ற மூலக் கேள்வி மறந்தே போனது. அந்தக் கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது.

சரி, மனைவிக்கும் தாயாருக்கும் சொந்தக் காரின் கம்பெனி கையை விரித்துவிட்டது. லாரியின் கம்பெனி என்ன சொல்லும்? ‘எங்கள் பங்கு 70 சதவீதம், அதை மட்டும் கொடுக்கிறோம்’ என்று சொல்லும். சொன்னால் ஏற்க வேண்டாம். ஓட்டியவரின் தவறு ஓட்டியவர் தலையில்தான் விழும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மீது ஏறாது. இருவர் தவறால் மூன்றாமவர் அடிபட்டால், அவர் முழுத் தொகையையும் யாராவது ஒருவரிடமே வாங்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆக, லாரியின் கம்பெனியே இருவருக்கும் நூற்றுக்கு நூறு கொடுக்க வேண்டும். மனைவிக்கு 2,50,000, தாயாருக்கு 9,00,000 என்று தீர்ப்பானால், மொத்தம் 11,50,000 ரூபாயும் வரும்.

குடும்பம் பெருமூச்சு விட்ட நேரத்தில் இன்னொன்று வந்தது. முழுத் தொகையைக் கொடுத்த லாரிக் கம்பெனிக்கு, மற்ற தரப்பின் பங்கை அவரிடமிருந்து திரும்ப வசூலிக்க உரிமை உண்டு. காரின் பங்கு 30 சதவீதம், அதாவது 3,45,000 ரூபாய். யாரிடம் கேட்கும்? காரின் கம்பெனி ஏற்கெனவே விடுவிக்கப்பட்டுவிட்டது, அதன் பாலிசியில் பயணிகளுக்கு இடமில்லை. மீதி இருப்பவர் கார் உரிமையாளர். மனைவிக்கும் அம்மாவுக்கும் வந்த பணத்தில் மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவானதை மகன் தன் கையிலிருந்து லாரிக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். பேக்கேஜ் பாலிசி இருந்திருந்தால் இந்த 3,45,000-ஐ அவருடைய கம்பெனி கட்டியிருக்கும். இரண்டு லட்சம் பெறும் வண்டிக்கு எதற்கு ஃபுல் கவர் என்ற கேள்விக்கு, வண்டியின் விலையைத் தாண்டிய விடை இது.

தாயாரின் கட்டுக்குள் இன்னொரு முடிச்சும் இருந்தது. அவருடைய மதுரை பில் 3,40,000. மகனின் அலுவலகக் குழு மெடிக்ளைம் 2,00,000 கொடுத்தது, மிச்சம் 1,40,000 கைக்காசு. தீர்ப்பாயத்தில் எவ்வளவு கேட்கலாம்? எதிர்தரப்பு ‘இரண்டு லட்சம் ஏற்கெனவே வந்துவிட்டது, இரட்டைப் பலன் கூடாது’ என்று வாதிடும். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025 மார்ச்சில் இதற்கு விடை சொன்னது: மெடிக்ளைமில் வந்ததைக் கழிக்கக் கூடாது. அவர் பிரீமியம் கட்டிப் பெற்ற ஒப்பந்தப் பலன் அது, தவறு செய்த வண்டிக்காரரின் சுமையைக் குறைக்க வந்தது அல்ல. உயிர்க் காப்பீட்டுத் தொகையைப் பற்றி 1998-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிதான் இதற்கு அடிப்படை. வேறு மாநில உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு என்பதால் இங்கே கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியதில்லை. வழக்கறிஞர் எடுத்துக்காட்டி வாதாட வேண்டும். என் கருத்தில் அந்தத் தீர்ப்பு நியாயமானது. சேமித்துவைத்தவன் காசு இடித்தவனுக்குத் தள்ளுபடியாக ஏன் போக வேண்டும்?

இதில் காகிதச் சிக்கல் ஒன்று. மெடிக்ளைமுக்கு அசல் பில்கள் டி.பி.ஏ.-விடம் (கம்பெனிக்காக மெடிக்ளைம் கோரிக்கைகளைக் கையாளும் நிறுவனம்) போய்விடும். தீர்ப்பாயம் அசலைக் கேட்கும். ஆகவே கொடுப்பதற்கு முன்பே முழுக் கட்டையும் நகலெடுத்து, மருத்துவமனையில் முத்திரையோடு சான்றொப்பம் வாங்கிவைக்க வேண்டும். எந்த பில்லுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற செட்டில்மென்ட் கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும். மருந்துக்கடை பில்லில் நோயாளியின் பெயர் இருக்க வேண்டும். அவசரத்தில் வாங்கப் போன தம்பியின் பெயரில் போட்ட பில்கள் இந்த வழக்கில் எட்டாயிரம் ரூபாய்க்கு இருந்தன, அத்தனையும் தள்ளுபடி. முன்பண ரசீதையும் இறுதி பில்லையும் சேர்த்துக் கூட்டி மனுவில் போட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் மொத்தக் கணக்கின் மீதே சந்தேகம் விழுந்திருக்கும். நல்ல வேளையாக வழக்கறிஞரின் குமாஸ்தா அதைப் பிடித்துவிட்டார்.

பில் மட்டும்தான் மருத்துவச் செலவு என்று நினைப்பவர்களும் உண்டு. காயம்பட்டோர் வழக்குகளில் என்னென்ன தலைப்புகளில் கொடுக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் வகுத்துச் சொன்ன தீர்ப்பை எல்லாத் தீர்ப்பாயங்களும் பின்பற்றுகின்றன. சிகிச்சை, மருந்து, போக்குவரத்து, சத்தான உணவு, படுக்கையில் இருந்த காலத்து வருமான இழப்பு, எதிர்கால மருத்துவச் செலவு ஆகியவை ஒரு பக்கம். வலி, வேதனை, வாழ்க்கைச் சுகங்களின் இழப்பு இன்னொரு பக்கம். அறுபத்திரண்டு வயது தாயாருக்குச் சம்பளம் இல்லை என்பதால் வருமான இழப்பு இல்லை என்று விட்டுவிட முடியாது. வீட்டில் உழைக்கும் பெண்ணின் வேலைக்கு உத்தேச வருமானம் கணிக்க வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. அவர் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பி, சமைத்து, மாடிக்கும் கீழுக்கும் நடந்தவர். இன்று நடைவண்டியைப் பிடித்துத்தான் குளியலறைக்கே போகிறார். மருத்துவக் குழு எழுதும் சதவீதம் ஒன்று, அதனால் அவருடைய வேலையில் எவ்வளவு போயிற்று என்பது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னதுதான் அந்த 2010 தீர்ப்பின் பெரிய கொடை.

கிளீனர்

நால்வரில் மிகக் குறைந்த பில் அவருடையது. அரசு மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை முடிந்தது. வெளியே வாங்கிய மருந்து, ஸ்கேன், ஊருக்குப் போன வண்டி எல்லாம் சேர்த்து 18,000. ஆனால் ஐந்து மாதம் வேலை இல்லை.

காரைப் பொறுத்தவரை அவர்தான் அசல் தேர்ட் பார்ட்டி. காரின் 3,416 ரூபாய் பாலிசி எந்தத் தகராறும் இல்லாமல் வேலை செய்வது இவருக்குத்தான். உடல் காயத்துக்கு அதில் தொகை வரம்பு கிடையாது. இன்னொரு வழியும் அவருக்கு இருக்கிறது. அவர் லாரி முதலாளியிடம் வேலை செய்தவர், வேலையில் இருக்கும்போது அடிபட்டவர். பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி (2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி) முதலாளியிடம் கேட்கலாம். அங்கே யார் தவறு என்ற கேள்வியே எழாது. 2009 திருத்தத்துக்குப் பிறகு சிகிச்சைக்கு ஆன உண்மைச் செலவையும் கேட்கலாம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. வேதனை, சத்துணவு, உதவியாளர் என்று தலைப்புகள் விரிவதால் தீர்ப்பாயத்தில் பெரும்பாலும் கூடுதலாக வரும். முதலாளியோடு முகத்தை முறித்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் தீர்ப்பாயத்தைத் தேர்ந்தெடுத்தார்.

படிக்காதவர், ஊர் வேறு, மொழியும் வேறு என்றால் இப்படிப்பட்டவர்கள் மனுவே போடாமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுடைய பணம் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. விபத்து வழக்கில் காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். எல்லா நிலையத்திலும் இந்த விதி முறையாக நடந்தால் கிளீனரைப் போன்றவர்களுக்குத்தான் முதல் பலன்.

மனு, கெடு, சமரசம்

மனுவை விழுப்புரத்தில் போட வேண்டியதில்லை. அடிபட்டவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்று 166-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. குடும்பம் மதுரையில் மூன்று தனித் தனி எம்.சி.ஓ.பி. மனுக்கள், அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்கள், போட்டது. லாரி உரிமையாளர், லாரியின் கம்பெனி, காரின் கம்பெனி மூவரும் எதிர்மனுதாரர்கள். மனைவி, தாயார் மனுக்களில் கார் உரிமையாளரையும் சேர்க்க வேண்டியிருந்தது. அம்மா மகன் மீதே கேஸ் போடுகிறாளா என்று உறவினர் ஒருவர் கேட்டார். காகிதத்தில் அப்படித்தான் வரும், வீட்டுக்குள் அதைக் கொண்டுபோக வேண்டாம் என்று வழக்கறிஞர் அமர்ந்து பேசிப் புரியவைத்தார்.

கெடு விஷயத்தில் கவனம் தேவை. 1994 முதல் இழப்பீட்டு மனுவுக்குக் காலவரம்பே இல்லாமல் இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று மீண்டும் வந்துவிட்டது. அந்தக் கெடு செல்லுமா என்பதே இப்போது உச்ச நீதிமன்றத்தில் கேள்வி. காலம் கடந்தது என்ற காரணத்தால் மட்டும் மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் காத்திருக்கக் கூடாது. தையல் பிரித்த கையோடு மனுவுக்கு வேண்டிய காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கிவிட வேண்டும்.

பத்து மாதம் கழித்து லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், பேச வந்தது. தாயாருக்கு 6,50,000 தருகிறோம், உடனே செக் என்றார்கள். கடன் வாங்கி பில் கட்டிய வீட்டுக்கு ‘உடனே’ என்ற சொல் பெரிது. வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: தொடையில் இருக்கும் பிளேட் எப்போது எடுப்பார்கள்? பதில் யாருக்கும் தெரியவில்லை. லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டால் அது இறுதி, மேல்முறையீடு கிடையாது. நாளைக்கு பிளேட் எடுக்கும் பில்லோ, மூட்டு மாற்ற வேண்டி வந்தால் அந்த பில்லோ யாரிடமும் கேட்க முடியாது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் போனார்கள். இன்னும் எட்டு மாதத்தில் எடுக்கலாம், சுமார் 70,000 ஆகும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். விசாரணை நாளில் சாட்சிக் கூண்டுக்கும் வந்து அதையே சொன்னார். எதிர்கால மருத்துவச் செலவு என்ற தலைப்பில் தாயாரின் ஒன்பது லட்சத்துக்குள் 70,000 ஏறியது அந்த ஒரு தாளினால்தான். தொகைக்கு மனுத் தேதியிலிருந்து வட்டியும் உண்டு, நம் தீர்ப்பாயங்களில் ஆண்டுக்கு ஏழரை சதவீதம் என்பது வழக்கம். எதிர்காலச் செலவுக்கு மட்டும் வட்டி போடவில்லை, இன்னும் செலவழிக்காத பணம் என்பதால்.

உரிமையாளர் இப்போது அதே பழைய காரைப் பழுது பார்த்து ஓட்டுகிறார். புதுப்பிக்கும்போது பேக்கேஜ் பாலிசி கேட்டார். மூன்று வருடம் விட்டுப்போனதால் வண்டியை நேரில் பார்த்துத்தான் தருவோம் என்றார்கள். காட்டினார், கொடுத்தார்கள். ஷெட்யூலில் பொறுப்புப் பகுதியைத் தானே படித்து, காரில் வருபவர்களுக்கும் உண்டு என்பதை ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டார். சம்பள டிரைவர் வைக்கும் எண்ணம் இருந்ததால், அவருக்கான 50 ரூபாய் கூடுதல் பிரீமியத்தையும் அன்றே சேர்த்துக் கட்டினார்.